வேரியபிள் ஆன்யூட்டியில் யூனிட் மதிப்பு: எண்ணிக்கை ஏன் குறைகிறது, மாத வருமானம் எப்படி வருகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு வேரியபிள் ஆன்யூட்டி வாங்கியிருக்கிறீர்கள், அதாவது முதலீட்டோடு சேர்ந்து மதிப்பு ஏறி இறங்கும், பின்னாளில் மாத வருமானமாக மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு காப்பீட்டு ஒப்பந்தம். பணம் எஸ் அண்ட் பி 500 என்ற அமெரிக்கப் பங்குக் குறியீட்டைப் பின்பற்றும் இன்டெக்ஸ் ஃபண்டில் இருக்கிறது. இணையத்தில் அந்த ஃபண்டின் விலை ஒன்று, ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் யூனிட் மதிப்பு வேறொன்று. ஃபண்ட் டிவிடெண்ட் கொடுத்தபோதும் யூனிட் எண்ணிக்கை கூடவில்லை. ஒரு டாலர்கூட எடுக்காமலே மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து யூனிட் போலக் குறைகிறது, செப்டம்பரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அடுத்த ஆண்டு 65 வயதில் இதை மாத வருமானமாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள், 3.5 சதவீதமா 5 சதவீதமா என்று கேட்கிறார்கள். "ஏமாற்றுகிறார்களா, எதைத் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் தெரியவில்லை. இவை எல்லாம் இந்தத் திட்டம் இயங்கும் முறையிலேயே இருப்பவை. நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் இந்த யூனிட் மதிப்பைக் கணக்கிடும் பிரிவில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்டதும் இதைத்தான். அவர்கள் கையில் இருந்த ஸ்டேட்மென்ட்டில் இதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லாதது எனக்கு எப்போதும் வருத்தம்.

முதலில், எது யாருடையது என்று பார்ப்போம். உங்கள் பணத்தைக் கொண்டு ஃபண்டின் பங்குகளை வாங்கி வைத்திருப்பது காப்பீட்டு நிறுவனம். அவற்றைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் 'செபரேட் அக்கவுண்ட்' என்ற தனிக் கணக்கில் வைத்திருக்கும். அதற்குள் ஒவ்வொரு ஃபண்டுக்கும் ஓர் உட்கணக்கு. உங்களுக்குச் சொந்தமானவை அந்த உட்கணக்கின் யூனிட்டுகள், ஃபண்டின் பங்குகள் அல்ல. உட்கணக்கு தொடங்கிய நாளில் யூனிட் ஒன்றுக்கு 10 டாலர் என்றோ 1 டாலர் என்றோ நிறுவனமாக ஒரு எண்ணை வைத்திருக்கும். அன்றிலிருந்து அது தன் வழியில் ஏறி இறங்கி வருகிறது. அதனால் ஃபண்டின் பங்கு 50 டாலரிலும் உங்கள் யூனிட் 24.50 டாலரிலும் இருப்பதில் வியப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் இணையத்தில் பார்த்தது உங்கள் ஃபண்டாகவே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். 1981இல் அமெரிக்க வருமான வரித்துறை ஒரு விதி சொன்னது: பொதுமக்கள் நேரடியாக வாங்கக்கூடிய ஃபண்டை ஆன்யூட்டிக்குள் வைத்தால், வரியைத் தள்ளிப்போடும் சலுகை கிடைக்காது. அதனால் ஃபண்ட் நிறுவனங்கள் காப்பீட்டு நிறுவனங்களுக்கென்றே தனியாக இன்னொரு ஃபண்டை நடத்துகின்றன. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், முதலீடு செய்யும் விதமும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் விலை வேறு, செலவு வேறு. உங்கள் பிராஸ்பெக்டஸில் (திட்ட விவரங்கள் உள்ள புத்தகத்தில்) ஃபண்டின் முழுப் பெயரைப் பாருங்கள். 'வேரியபிள் இன்ஷூரன்ஸ்' என்பதுபோல ஏதாவது ஒட்டியிருக்கும்.

சரி, யூனிட் மதிப்பு தினமும் எப்படி மாறுகிறது? மாலை 4 மணிக்கு நியூயார்க் பங்குச்சந்தை மூடியதும்தான் எங்கள் வேலையே தொடங்கும். ஐந்து, ஐந்தரை மணிக்கு மேல் ஒவ்வொரு ஃபண்டும் அன்றைய விலையை அனுப்பத் தொடங்கும். நாங்கள் அதிலிருந்து ஒரு பெருக்கு எண் எடுப்போம். நேற்று ஃபண்டின் விலை 50.00, இன்று 50.40 என்றால் 50.40ஐ 50.00ஆல் வகுத்தால் 1.008. அதிலிருந்து ஒரு நாள் கட்டணத்தைக் கழிக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் உயிரிழப்பு அபாயம், நிர்வாகம் என்ற பெயர்களில் ஆண்டுக்கு மொத்தம் 1.40 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 0.00003836. கழித்தால் 1.00796164. நேற்றைய யூனிட் மதிப்பு 24.50ஐ இதனால் பெருக்கினால் இன்றைய மதிப்பு 24.6951. கட்டணமே இல்லாமல் இருந்திருந்தால் 24.6960 வந்திருக்கும். ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை வித்தியாசம். திங்கட்கிழமை மட்டும் சனி, ஞாயிறையும் சேர்த்து மூன்று நாள் கட்டணம் கழியும்.

கண்ணுக்கே தெரியாத இந்தத் துளி வருடக்கணக்கில் என்ன செய்கிறது என்று பாருங்கள். 10,000 டாலர் ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டில் சுமார் 38,700 டாலர். அதில் 1.4 குறைத்து 5.6 சதவீதம் என்றால் சுமார் 29,700 டாலர். இந்த 9,000 டாலர் ஸ்டேட்மென்ட்டில் எங்கேயும் ஒரு வரியாக வராது. யூனிட் மதிப்பு அவ்வளவு ஏறவில்லை, அவ்வளவுதான். வரி தள்ளிப்போவதன் பலனும் இறப்புக் காப்பும் இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் விலை என்ன என்று தெரிந்துகொண்டு எடைபோடுவதுதானே முறை.

டிவிடெண்ட் விஷயமும் இந்தப் பெருக்கு எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஃபண்ட் 60 சென்ட் டிவிடெண்ட் கொடுக்கும் நாளில், சந்தை அசையாமல் இருந்தால், விலை 50.00இலிருந்து 49.40க்கு இறங்கும். கணக்கில் 49.40ஓடு 0.60ஐயும் கூட்டித்தான் 50.00ஆல் வகுப்பார்கள். விடை சரியாக 1. யூனிட் மதிப்பு இறங்காது, எண்ணிக்கையும் கூடாது. அந்த டிவிடெண்டில் காப்பீட்டு நிறுவனம் ஃபண்டின் பங்குகளைக் கூடுதலாக வாங்கி அதே உட்கணக்கில் வைத்துவிடும். சாதாரண மியூச்சுவல் ஃபண்டில் விலை குறைந்து எண்ணிக்கை கூடும். இங்கே இரண்டும் நடக்காமலே டிவிடெண்ட் முழுதாக உங்களிடம் வந்து சேர்கிறது.

ஒரு டிசம்பர் மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு ஃபண்டிலிருந்து வந்த கோப்பில் விலை இறங்கியிருந்தது, டிவிடெண்ட் என்ற கட்டம் காலியாக இருந்தது. அப்படியே கணக்குப் போட்டதில் யூனிட் மதிப்பு ஒரே நாளில் 1 சதவீதத்துக்கு மேல் சரிந்தது, அதே குறியீட்டைப் பின்பற்றும் மற்ற ஃபண்டுகள் எல்லாம் அசையாமல் இருந்தன. ஃபண்ட் நிறுவனத்துக்கு போன் போட்டால், "ஆமாம், இன்று டிவிடெண்ட் நாள், விட்டுப்போய்விட்டது" என்றார்கள். அன்று அதை விட்டிருந்தால் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் யூனிட்டுகளைக் குறைந்த விலையில் விற்றிருப்பார்கள். எனவே நீங்கள் ஒப்பிட வேண்டுமென்றால் விலையோடு விலையை ஒப்பிடாதீர்கள். ஒரு வருடத்தில் ஃபண்டின் மொத்த வருவாய் எத்தனை சதவீதம், உங்கள் யூனிட் மதிப்பு எத்தனை சதவீதம் ஏறியது என்று பாருங்கள். வித்தியாசம் உங்கள் ஒப்பந்தத்தின் ஆண்டுக் கட்டணத்தை ஒட்டி இருந்தால் எல்லாம் ஒழுங்கு.

ஏன் தினமும் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், 1959இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒரு காரணம். வேரியபிள் ஆன்யூட்டியில் முதலீட்டின் ரிஸ்க் முழுதும் வாங்குபவர் தலையில் இருக்கிறது, ஆகவே அது வெறும் காப்பீடு ஆகாது, பங்குப்பத்திரச் சட்டங்களுக்கும் கட்டுப்பட வேண்டும் என்று நீதிபதிகள் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொன்னார்கள். பிராஸ்பெக்டஸ் கொடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து வந்தது. மியூச்சுவல் ஃபண்டைப் போலவே, 4 மணிக்கு முன் வந்த ஆர்டருக்கு அன்றைய மதிப்பு, பிறகு வந்ததற்கு அடுத்த வேலை நாளின் மதிப்பு என்ற விதியும் இதற்குப் பொருந்துகிறது.

இப்போது உங்களை உறுத்திய விஷயத்துக்கு வருவோம். கட்டணம் இரண்டு வாசல் வழியாக வெளியே போகிறது. ஒன்று, மேலே சொன்னபடி யூனிட் மதிப்புக்குள்ளேயே. இன்னொன்று, யூனிட்டுகளையே ரத்து செய்து. ஊரில் யூலிப் (முதலீடும் ஆயுள் காப்பீடும் சேர்ந்த திட்டம்) வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம்: நிதி நிர்வாகக் கட்டணம் என்ஏவிக்குள், அதாவது யூனிட்டின் விலைக்குள், கழிந்துவிடும், உயிர்க்காப்புக் கட்டணத்துக்கு மாதாமாதம் யூனிட் ரத்தாகும். உங்கள் ஸ்டேட்மென்ட்டில் செப்டம்பரில் வரும் கூடுதல் குறைவு பெரும்பாலும் ஆண்டு ஒப்பந்தக் கட்டணம். 30 டாலர் என்றால், 24.50ஆல் வகுத்தால் 1.2245 யூனிட். அது சின்ன விஷயம், விடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகும் பத்து யூனிட்தான் கவனிக்க வேண்டியது. அநேகமாக நீங்கள் வாங்கும்போது 'வாழ்நாள் முழுக்க இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்' என்ற உத்தரவாத ரைடரை (ஒப்பந்தத்தோடு சேர்க்கும் கூடுதல் அம்சத்தை) சேர்த்திருப்பீர்கள். அதன் கட்டணம் பெரும்பாலும் உங்கள் கணக்கில் இருக்கும் பணத்தின் மீது கணக்கிடப்படுவதில்லை. 'பெனிஃபிட் பேஸ்' என்று ஏட்டில் மட்டும் இருக்கும் ஒரு தொகையின் மீது கணக்கிடப்படுகிறது. அது ஒரு லட்சம் டாலர், கட்டணம் ஆண்டுக்கு 1 சதவீதம் என்றால் காலாண்டுக்கு 250 டாலர். யூனிட் 24.50இல் இருக்கும்போது அதற்கு 10.2041 யூனிட் போகும். உங்கள் பத்து யூனிட் கணக்கு இங்கே ஒத்துப்போகிறது, பாருங்கள். இப்போது சந்தை 30 சதவீதம் விழுந்து யூனிட் 17.15க்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெனிஃபிட் பேஸ் சந்தையோடு சேர்ந்து இறங்காது. அதே 250 டாலருக்கு இப்போது 14.5773 யூனிட் போகும். சந்தை மீண்டும் ஏறும்போது, போன யூனிட் திரும்பி வராது. யூனிட் மதிப்பு பழைய உயரத்தைத் தொட்ட பிறகும் கணக்கில் இருக்கும் தொகை பழைய உயரத்தைத் தொடாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். அந்த உத்தரவாதம் வீழ்ச்சிக் காலத்தில் உங்களைத் தூங்கவைக்கும் என்பது உண்மை. அதற்கான விலையும் அதே காலத்தில்தான் கனமாக விழுகிறது.

சிலர் யூனிட் மதிப்பு குறைவாக இருக்கும் ஃபண்டுக்கு மாறினால் நிறைய யூனிட் கிடைக்குமே என்று நினைக்கிறார்கள். 24.50இல் இருக்கும் 10,000 டாலர் 408.1633 யூனிட். அதை 11.20 டாலர் யூனிட்டுக்கு மாற்றினால் 892.8571 யூனிட். பணம் அதே 10,000. பத்து ரூபாய்த் தாளைச் சில்லறையாக மாற்றியதுபோலத்தான். அதேபோல உங்கள் நண்பர் அதே நிறுவனத்தில், அதே ஃபண்டில், வேறு யூனிட் மதிப்பு காட்டினால் குழம்ப வேண்டாம். கூடுதல் இறப்புக் காப்பு எடுத்தவருக்கு 1.65 சதவீதம், எடுக்காதவருக்கு 1.40 சதவீதம் என்று இருந்தால், இரண்டுக்கும் தனித்தனி யூனிட் மதிப்பு வைத்திருப்பார்கள்.

இனி மாத வருமானம். மாற்றிய நாளோடு இதுவரை பார்த்த சேமிப்பு யூனிட்டுகள் முடிந்துபோய், 'ஆன்யூட்டி யூனிட்' என்ற புதிய வகை வருகிறது. இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் வில்லியம் கிரீனோ. அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களின் நிலையான ஓய்வூதியத்தை விலைவாசி தின்றுகொண்டிருந்தது. பங்குகளோடு சேர்ந்து நகரும் ஓய்வூதியம் வேண்டும் என்று அவர் ஆராய்ந்து சொன்னதன் பேரில் 1952இல் கிரெஃப் என்ற ஓய்வூதிய நிதி தொடங்கியது, அதுதான் முதல் வேரியபிள் ஆன்யூட்டி. எல்லா நிறுவனங்களும் இன்று பயன்படுத்தும் முறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

உங்களிடம் 2 லட்சம் டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வயதுக்கு ஆயிரம் டாலருக்கு 5.50 டாலர் என்று நிறுவனத்தின் அட்டவணை சொன்னால் முதல் மாதம் 1,100 டாலர். (இது கணக்குக்காக நான் எடுத்த எண், உங்கள் ஒப்பந்தத்தில் வேறாக இருக்கும்.) அன்று ஆன்யூட்டி யூனிட்டின் மதிப்பு 12.50 என்றால் 1,100ஐ வகுத்து 88 யூனிட். இந்த 88 இனி மாறாது, நீங்கள் உள்ள வரைக்கும் 88தான். மாதம்தோறும் யூனிட்டின் மதிப்பு மட்டும் மாறும், 88ஆல் பெருக்கினால் அந்த மாத வருமானம். அதாவது சேமிக்கும் காலத்தில் எண்ணிக்கையும் மதிப்பும் இரண்டும் நகரும், வருமானம் வாங்கும் காலத்தில் மதிப்பு மட்டும்.

அவர்கள் கேட்கும் 3.5, 5 என்பவை இங்கேதான் வருகின்றன. அது அனுமான வட்டி, தாள்களில் ஏ.ஐ.ஆர். என்று போட்டிருப்பார்கள். அது உத்தரவாதம் கிடையாது, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபண்ட் ஆண்டுக்கு 3.5 சதவீதம் சம்பாதிக்கும் என்று முன்கூட்டியே நம்பி, அந்த வருவாயையும் சேர்த்துத்தான் முதல் மாதத் தொகையைக் கொடுக்கிறார்கள். முன்பணம் மாதிரி. ஃபண்ட், கட்டணம் போக, சரியாக 3.5 சதவீதம் சம்பாதித்தால் உங்கள் 1,100 அப்படியே நிற்கும். 9 சதவீதம் சம்பாதித்தால் 1.09ஐ 1.035ஆல் வகுக்க வேண்டும்: ஆண்டு முடிவில் மாதம் சுமார் 1,158 டாலர். 10 சதவீதம் விழுந்தால் 0.90ஐ 1.035ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 957 டாலர். சந்தை இறங்கியது 10 சதவீதம், வருமானம் இறங்கியது 13 சதவீதம். ஃபண்ட் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றாலும் வருமானம் குறையும். "மார்க்கெட் அப்படியேதானே இருக்கிறது, என் செக் ஏன் சிறுத்தது?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

5 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தால் முதல் மாதம் கூடுதலாகக் கிடைக்கும், 1,280 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்குப்பின் ஒவ்வொரு ஆண்டும் 5 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஏற்றம். 9 சதவீதம் ஈட்டிய ஆண்டில் 1,329க்குத்தான் போகும், 10 சதவீதம் விழுந்தால் 1,097க்கு வரும். இதில் பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ஒரே ஃபண்டில் இருந்தால், 3.5 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தவரின் வருமானம் மற்றவருடையதை நெருங்கும் வேகம் ஆண்டுக்கு 1.05ஐ 1.035ஆல் வகுத்த அளவு, அதாவது கிட்டத்தட்ட 1.45 சதவீதம். சந்தை ஏறினாலும் விழுந்தாலும் இந்த வேகம் மாறாது, ஏனென்றால் இருவருக்கும் சந்தை ஒன்றுதான். என் எண்களின்படி 1,100 டாலர்காரர் 1,280 டாலர்காரரை எட்டிப்பிடிக்க சுமார் பத்தரை ஆண்டு. 65இல் தொடங்கினால் 75, 76 வயது. அதுவரை குறைவாக வாங்கியதை ஈடுகட்ட இன்னும் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே 'சந்தை எப்படி இருக்கும்' என்று யோசித்து இதை முடிவு செய்ய முடியாது. எப்போது பணம் வேண்டும், எவ்வளவு காலம் வாழ்வோம், வருமானம் இறங்கும் மாதத்தைத் தாங்க முடியுமா என்பவைதான் கேள்விகள். உடல்நலம் நன்றாக இருந்து, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் அன்றாடச் செலவைப் பார்த்துக்கொள்ளும் என்றால் நான் 3.5 பக்கம்தான் நிற்பேன். எண்பது வயதுக்கு மேல் வருமானம் சுருங்கிக்கொண்டே போவது மிகவும் கொடுமையானது, அப்போது வேலைக்குப் போய் ஈடுகட்ட முடியாது.

வரியைப் பற்றி இரண்டு வரி. மாற்றாமல் அவ்வப்போது எடுத்தால், லாபம் முதலில் வெளியே வருவதாகக் கணக்கு, அதற்குச் சாதாரண வருமான வரி உண்டு. மாத வருமானமாக மாற்றினால் ஒவ்வொரு மாதத் தொகையிலும் நீங்கள் போட்ட முதலின் ஒரு பகுதி வரியில்லாமல் வரும். இது வரி கட்டிய பணத்தில் வாங்கிய ஒப்பந்தத்துக்குப் பொருந்தும். வேலை செய்த இடத்தின் ஓய்வூதியத் திட்டத்துக்குள் வாங்கியதாக இருந்தால் கணக்கு வேறு.

கையெழுத்துப் போடும் முன் ஒரு போன் செய்யுங்கள். காலாண்டுக்குப் பத்து யூனிட் கொடுத்து இத்தனை ஆண்டு வைத்திருந்த அந்த ரைடர், ஆன்யூட்டி யூனிட்டாக மாற்றிய பிறகு இருக்குமா என்று கேளுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது அன்றோடு முடிந்துவிடும். அப்படியென்றால், மாற்றாமல் ரைடரின் வழியாகவே வாழ்நாள் முழுதும் எடுத்தால் ஆண்டுக்கு எவ்வளவு என்று டாலரில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதையும், 3.5க்கும் 5க்கும் வரும் முதல் மாதத் தொகைகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றிய பிறகு பின்வாங்க வழியில்லை, அதனால் அந்தத் தாள் கைக்கு வரும்வரை அவசரப்பட வேண்டாம்.